எபிசோட் 41: முதல் மனை வாங்கும்போது உங்க பக்கம் நிற்கிறது யார்?

போன எபிசோட்ல ஹெல்த் இன்சூரன்ஸ் பத்திப் பேசினோம். அதுக்கப்புறம் வந்த மெசேஜ்ல பாதி ஒரே கேள்வி: "ப்ரோ, கையில கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கு. ஒரு இடம் வாங்கிப் போடலாம்னு பார்க்கிறேன். எங்க ஆரம்பிக்கிறது?"

முதல்லயே சொல்லிடறேன், நான் வக்கீல் இல்ல, புரோக்கரும் இல்ல. பகல்ல கோட் எழுதுறவன். ஒரு தடவை தப்பா ஆரம்பிச்சு, ரெண்டாவது தடவை ஓரளவு சரியா முடிச்சவன். அந்த ரெண்டு கதையும் தான் இன்னிக்கு எபிசோட்.

மூணு வருஷம் முன்னாடி ஒரு சனிக்கிழமை. தாம்பரத்துல இருந்து ஒரு வேன்ல ஏத்திக்கிட்டுப் போனாங்க. ஒரகடம் தாண்டி ஒரு லேஅவுட். நுழைவாயில்ல பெரிய ஆர்ச், உள்ள தார் ரோடு, ரெண்டு பக்கமும் புதுசா நட்ட செடி. மதியம் பிரியாணி. 30க்கு 40 மனை, அதாவது 1,200 சதுர அடி, அரை கிரவுண்ட். சதுர அடி 2,100 ரூபாய். மொத்தம் 25 லட்சத்து 20 ஆயிரம். "சார், கார்னர் ப்ளாட் ஒண்ணுதான் இருக்கு, சாயங்காலம் வேற ஒருத்தர் வர்றாரு"ன்னு சொன்னாங்க. நான் ஜிபேல 50,000 ரூபாய் டோக்கன் போட்டுட்டேன். சாப்பிட்ட கை கூட காயல.

கணக்கு இதுதான். என் சேமிப்பு 8 லட்சம். அப்பா ரிட்டயர் ஆனப்போ வந்ததுல 7 லட்சம். மீதி பேங்க் லோன். அப்பாகிட்ட சொன்னப்போ அவர் ஒரு கேள்வியும் கேக்கல. "நீ பாத்துட்ட இல்லப்பா, அப்ப சரி"ன்னாரு. அந்த ஒரு வார்த்தைதான் என்னை அன்னிக்கு ராத்திரி தூங்க விடல. ஏன்னா நான் என்ன பார்த்தேன்? ரோடு பார்த்தேன், ஆர்ச் பார்த்தேன், பிரியாணி பார்த்தேன். பத்திரத்துல ஒரு பக்கம் கூடப் பார்க்கல.

அடுத்த நாள் ஒரு நோட்டு எடுத்து, இந்த வியாபாரத்துல இருக்கிற எல்லாரையும் எழுதினேன். விற்கிற கம்பெனி. என்னைக் கூட்டிட்டுப் போன மார்க்கெட்டிங் தம்பி. லோன் வாங்கித் தர்ற ஏஜென்ட். பேங்க். பத்திரம் எழுதுறவர். ஒவ்வொரு பேருக்கும் பக்கத்துல ஒரே கேள்வி: "நான் வேண்டாம்னு சொன்னா இவருக்குக் காசு வருமா?" எல்லாருக்கும் பதில் ஒண்ணுதான். வராது. இவங்க யாரும் கெட்டவங்கன்னு சொல்லல. அந்த மார்க்கெட்டிங் தம்பி வெயில்ல நாள் முழுக்க நின்னு வேலை பார்க்கிறான். ஆனா நான் "சரி"ன்னு சொன்னாத்தான் இவங்க எல்லாருக்கும் வரும்படி. நான் "வேண்டாம்"னு சொன்னாலும் ஃபீஸ் வாங்குற ஆள் ஒருத்தர் கூட என் பக்கம் இல்ல.

இதைத்தான் நான் சரியான சப்போர்ட்னு சொல்றேன். "வாங்காதீங்க"ன்னு சொல்றதால நஷ்டமே இல்லாத ஒருத்தர் உங்க டீம்ல இருக்கணும்.

இங்க நிறைய பேர் சொல்ற பதில், "பேங்க்ல லீகல் பார்ப்பாங்க ப்ரோ, லோன் வந்துட்டா இடம் சுத்தம்". பேங்க் வக்கீல் பார்க்கிறது பேங்குக்காக. அவங்க பணம் பத்திரமா இருக்கான்னு பார்க்கிறதுதான் அவர் வேலை. 25 லட்சத்துல பேங்க் போடறது 10 லட்சம்னா, மீதி 15 லட்சம் பத்தி யார் கவலைப்படுவாங்க? நீங்கதான். பேங்க் லீகல் ஒரு நல்ல கூடுதல் ஃபில்டர், அவ்வளவுதான்.

ஆபீஸ்ல ஒரு சீனியர் அண்ணா மூலமா ஒரு வக்கீல் மேடம் கிடைச்சாங்க. ஃபீஸ் 6,000 ரூபாய். முதல் நாளே தெளிவா சொன்னாங்க: "தம்பி, நான் சரியில்லைன்னு எழுதிக் கொடுத்தாலும் இதே ஃபீஸ்தான்." எனக்கு அந்த வார்த்தையே போதும்னு ஆயிடுச்சு.

மேடம் மூலப் பத்திரத்துல இருந்து எல்லாத்தோட ஜெராக்ஸும் கேட்டாங்க. நான் பெருமையா, "மேடம், டிடிசிபி அப்ரூவ்ட், ரெரா நம்பர் இருக்கு, வில்லங்கமும் 30 வருஷத்துக்கு கிளீன்"னு சொன்னேன். அவங்க சொன்னதை நம்ம பாஷையில சொல்றேன்.

டிடிசிபி, சிஎம்டிஏ அனுமதின்னா ரோடு அகலம், மனை அளவு, பூங்காவுக்கு விட்ட இடம் இதெல்லாம் விதிப்படி இருக்குன்னு அர்த்தம். நிலம் யாருக்குச் சொந்தம்ங்கிற கேள்விக்கு அது பதில் சொல்லாது. அதுக்காக அனுமதி முக்கியம் இல்லைன்னு நினைச்சுடாதீங்க. 2016 அக்டோபர் 20க்கு அப்புறம் அனுமதி இல்லாத லேஅவுட்ல புதுசா மனையைப் பதிவு பண்ண முடியாது. ரெராங்கிறது 2016ல வந்த மத்திய சட்டம். 500 சதுர மீட்டருக்கு மேல இருக்கிற புராஜெக்ட்னா பதிவு பண்ணித்தான் விற்கணும். புரோக்கரும் அங்க பதிவு பண்ணியிருக்கணும். விலையில 10 சதவீதத்துக்கு மேல வாங்கணும்னா, அதுக்கு முன்னாடி ஒப்பந்தம் போட்டுப் பதிவு செய்யணும். நமக்கு நல்ல பாதுகாப்புதான். ஆனா அதுவும் டைட்டிலுக்கு கேரண்டி கிடையாது.

வில்லங்கச் சான்று? அதுல பதிவான பத்திரம் மட்டும்தான் தெரியும். பதிவே ஆகாத விஷயம் தெரியாது. லாக் ஃபைல்ல எரர் இல்லைன்னா புரோகிராம்ல பக் இல்லைன்னு அர்த்தமா? அது மாதிரிதான்.

ஜெராக்ஸ் கட்டோட வீட்டுக்கு வந்து டைனிங் டேபிள்ல பரப்பி வெச்சேன். அம்மா காய் நறுக்கிக்கிட்டே கேட்டாங்க, "யாரோட நிலம்டா இது?" நான் படிச்சேன். நிலத்துக்காரர் 2009ல இறந்துட்டாரு. அவரோட மனைவியும் ரெண்டு மகன்களும் சேர்ந்து கம்பெனிக்கு எழுதிக் கொடுத்திருக்காங்க. அம்மா கத்தியை நிறுத்திட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க: "அந்த வீட்ல பொண்ணு யாரும் இல்லையா?"

எனக்குத் தெரியல. மேடம்கிட்ட கேட்டா, அவங்க ஏற்கனவே வாரிசுச் சான்று கேட்டு கம்பெனிக்கு ஆள் அனுப்பியிருந்தாங்க. பத்து நாள் இழுத்தடிச்சுக் கொடுத்தாங்க. அதுல நாலு பேர். மனைவி, ரெண்டு மகன், ஒரு மகள். பத்திரத்துல கையெழுத்து மூணு.

அப்பா உயில் எழுதாம இறந்துட்டா, அவரோட சொந்தச் சம்பாத்தியச் சொத்துல மகனுக்கு எவ்வளவோ அதே அளவு மகளுக்கும் உண்டு. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்துலயே அது இருக்கு. பூர்வீகச் சொத்துலயும் சம உரிமை தமிழ்நாட்டுல 1989லயே வந்துச்சு. ஆனா அந்த வருஷம் மார்ச் 25க்கு முன்னாடி கல்யாணம் ஆனவங்களுக்கு இல்லைன்னு இருந்துச்சு. 2005ல மத்திய சட்டமும் மாறி, 2020ல சுப்ரீம் கோர்ட் அதை இன்னும் தெளிவாச் சொல்லிடுச்சு. அந்த மகள் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தா பிரச்சினை இல்ல. எழுதிக் கொடுக்கல. நாளைக்கு அவங்க பாகப்பிரிவினை கேட்டு கோர்ட்டுக்குப் போனா, என் மனையும் அந்த வழக்குக்குள்ள வரும். அவங்க கேக்கிறதுல தப்பே இல்ல, அது அவங்க பங்கு.

மேடம் ஒரே பக்கத்துல எழுதிக் கொடுத்தாங்க: "மகளின் கையெழுத்து இல்லாமல் வாங்க வேண்டாம்." நான் கம்பெனியில கேட்டேன். "அதெல்லாம் ஃபேமிலி மேட்டர் சார், பிரச்சினை வராது"ன்னாங்க. நான் விலகிட்டேன். 50,000 டோக்கன்ல 30,000 திரும்ப வந்துச்சு, அதுவும் நாலு மாசம் நடந்து. மீதி "கேன்சலேஷன் சார்ஜ்". ஏன்னா டோக்கன் ரசீதுல நான் எதுவும் எழுதி வாங்கல. நீங்க டோக்கன் கொடுக்கும்போது ஒரு வரி எழுதி வாங்கிக்கோங்க: "சட்டக் கருத்து சரியில்லை என்றால் முழுத் தொகையும் திருப்பித் தரப்படும்." அந்த வரி எழுத மறுத்தா, அதுவே உங்களுக்கு ஒரு தகவல்.

அன்னிக்கு ராத்திரி அம்மாகிட்ட, "எப்படிம்மா உனக்கு அது தோணுச்சு?"ன்னு கேட்டேன். "எங்க ஊர் நிலத்துக்கு நானும் தானே கையெழுத்து போட்டேன். மாமா வந்து போடச் சொன்னாங்க, போட்டேன்"னாங்க. எவ்வளவு நிலம்னு கேட்டேன். அவங்களுக்குச் சரியாத் தெரியல. 28 வருஷமா அந்த வீட்ல இருக்கேன், எனக்கு இது தெரியாது. அதுக்கு மேல என்ன பேசறதுன்னு எனக்கும் தெரியல.

சரி, ரெண்டாவது தடவை. 14 மாசம் கழிச்சு ஒரு ரீசேல் மனை. 1,200 சதுர அடி, சதுர அடி 1,900, மொத்தம் 22 லட்சத்து 80 ஆயிரம். இந்தத் தடவை வரிசையை மாத்தினேன். முதல்ல வழிகாட்டி மதிப்பும் வில்லங்கமும் பதிவுத்துறை வெப்சைட்ல நானே பார்த்தேன். பட்டாவும் புல வரைபடமும் வருவாய்த்துறை வெப்சைட்ல எடுத்தேன். அப்புறம் அதே மேடம். அப்புறம் ஒரு சர்வேயர், 4,000 ரூபாய். டோக்கன் கடைசில.

சர்வேயர் டேப் பிடிச்சு அளந்தாரு. 30 அடி இருக்க வேண்டிய அகலம் 28 அடி 6 அங்குலம்தான் இருந்துச்சு. பக்கத்து காம்பவுண்டு சுவர் ஒன்றரை அடி உள்ள வந்திருக்கு. 40 அடி நீளத்துக்கு 60 சதுர அடி போச்சு. விலையில 1,14,000 ரூபாய். விற்கிற பெரியவர் நல்ல மனுஷன். அவருக்கே அது தெரியாது. உட்கார்ந்து பேசி, இருக்கிற 1,140 சதுர அடிக்கு மட்டும் பத்திரம் போட்டோம். 4,000 ரூபாய் செலவு பண்ணி ஒரு லட்சத்துக்கு மேல மிச்சம்.

இன்னொரு கணக்கு மறந்துடாதீங்க. விற்பனைப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 2023ல தான் அது 4ல இருந்து 2 ஆச்சு. அப்போ வழிகாட்டி மதிப்பும் ஏறிடுச்சு. 25 லட்சம்னா 2,25,000 ரூபாய் தனியா வேணும். பதிவு முடிஞ்ச கையோட பட்டாவையும் உங்க பேருக்கு மாத்துங்க. பத்திரம் வாங்கிட்டு பட்டா மாத்தாம வருஷக்கணக்கா விட்டவங்க நம்ம குடும்பத்துலயே ரெண்டு பேராவது இருப்பாங்க.

கடைசியா ஒண்ணு. காலி மனை மாசா மாசம் உங்களுக்கு ஒரு ரூபாய் தராது. அவசரத்துக்கு ஒரு வாரத்துல விற்கவும் முடியாது. ஆறு மாசச் செலவுக்குப் பணம் தனியா இல்லைன்னா இப்போ வேண்டாம், அடுத்த வருஷம் பார்க்கலாம். நிலம் எங்கயும் ஓடிடாது. வேன்ல கூட்டிட்டுப் போறவங்க மட்டும்தான் ஓடிடும்னு சொல்வாங்க.

அப்பாவோட 7 லட்சம் இப்போ அந்த மனையில இருக்கு. பத்திரத்தை அவர் பேர்லயும் என் பேர்லயும் போடலாம்னு நினைச்சிருந்தோம். கடைசில மூணு பேர் பேர்ல போட்டோம். சார்பதிவாளர் ஆபீஸ்ல அம்மா கையெழுத்து போடறதுக்கு முன்னாடி பத்திரத்தை முழுசா, முதல் பக்கத்துல இருந்து படிச்சாங்க. பின்னாடி வரிசையில நின்னவங்க முணுமுணுத்தாங்க. படிக்கட்டும்னு நான் நின்னுக்கிட்டே இருந்தேன்.

நீங்க இடம் வாங்கப் போறீங்கன்னா, உங்க நோட்டுல அந்தப் பேர்களை எழுதிப் பாருங்க. "வேண்டாம்"னு சொன்னாலும் நஷ்டமில்லாத ஆள் ஒருத்தராவது அதுல இருக்காங்களா? இல்லைன்னா முதல்ல அவங்களைத் தேடுங்க, இடத்தை அப்புறம் தேடலாம். அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.