நம் அகத்திலேயே நல்ல ஒலிப்பதிவு

(சங்கத்தின் உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வீட்டிலேயே பாட்டைப் பதிவு செய்வது, செய்த பதிவை மேம்படுத்துவது என்பது இன்று நான் எடுத்துக்கொண்ட விஷயம். இதெல்லாம் காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டிருக்கும் இளைஞர்கள் சமாச்சாரம், எழுபது வயதைத் தாண்டியவனுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். என் அபிப்பிராயத்தில் இது முதலில் நம் வயதுக்காரர்களின் வேலை. காரணம் சொல்கிறேன்.

நம் ஒவ்வொருவர் குடும்பத்திலும் எண்பது வயதைக் கடந்த ஒரு பாட்டியோ அத்தையோ பெரியம்மாவோ இருக்கிறார்கள். ஊஞ்சல், நலங்கு, லாலி, கும்மி, ஆரத்தி என்று கல்யாணப் பாட்டுகள் அவர்களுக்கு மனப்பாடம். பாலக்காட்டுக் குடும்பத்தில் பாடும் வர்ணமெட்டு வேறு, தஞ்சாவூர்க் குடும்பத்தில் வேறு, திருநெல்வேலியில் இன்னொன்று. சாஹித்யம் புத்தகமாக அச்சாகிக் கடைகளில் கிடைக்கிறது. வர்ணமெட்டு மட்டும் அந்தக் குரலில்தான் இருக்கிறது. அவர்களிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டிய பேத்தி புனேயிலோ சியாட்டிலிலோ இருக்கிறாள்.

பதிவே செய்யவில்லை என்று யாரும் சொல்ல மாட்டீர்கள். எல்லோர் செல்போனிலும் இரண்டு மூன்று இருக்கும். ஆனால் அதைப் போட்டுக் கேட்டால் மின்விசிறிச் சத்தம், குக்கர் விசில், அடுத்த அறையில் டி.வி. சீரியல், நடுவே கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஒரு குரல். அந்தக் குரலுக்குரியவர் போன பிறகு நம்மிடம் இருப்பது அந்த ஒரு பதிவுதான். அதைக் கேட்டு ஒரு பெண் பாட்டைக் கற்றுக்கொள்ள முடியுமா என்பதே என் அளவுகோல். முடியும் என்றால் அது நல்ல பதிவு.

இதற்கு விலை உயர்ந்த மைக் வாங்க வேண்டும் என்று கடைக்காரர் சொல்வார். அதற்கு முன்னால் கவனிக்க வேண்டியது அறை. நம் பிளாட்டுகளின் ஹாலை எடுத்துக்கொள்ளுங்கள். கீழே டைல்ஸ், ஒரு பக்கம் கண்ணாடி ஜன்னல், எதிரும் புதிருமாக வெற்றுச் சுவர்கள். நடுவில் நின்று ஒரு தடவை கை தட்டிப் பாருங்கள். 'டிரிங்' என்று ஒரு நடுக்கம் கேட்கும். சுவரிலிருந்து சுவருக்கு ஒலி பந்துபோல் எகிறுகிறது. பாடுபவரின் குரலோடு இந்த எதிரொலிகளும் சில ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடி தாமதமாக மைக்கில் வந்து சேர்கின்றன. நேரில் கேட்கும்போது நம் மூளை இதை ஒதுக்கிவிடுகிறது. மைக்குக்கு மூளை கிடையாது.

பூஜை அறையில் பதிவு செய்தால் விசேஷம் என்று பல மாமிகள் ஆசைப்படுவார்கள். பக்திக்கு அது சரி, பௌதிகத்துக்குச் சரியில்லை. சின்ன அறை, கிரானைட் மேடை, மணி, சொம்பு, விளக்கு எல்லாம் இருக்கும். குரல் உச்சத்துக்குப் போனால் பித்தளைப் பாத்திரமும் கூடவே பாடும். படுக்கை அறைதான் உத்தமம். மெத்தை, தலையணை, கனமான திரைச்சீலை எல்லாம் ஒலியை உறிஞ்சும். துணி பீரோவின் கதவைத் திறந்துவைத்து, உள்ளே தொங்கும் புடவைகளுக்கு முன்னால் மைக்கை வைத்துப் பாடச் சொல்லுங்கள். தரையில் ஜமக்காளம் விரியுங்கள். காசு செலவில்லாமல் பாதி ஸ்டூடியோ வந்துவிட்டது.

அடுத்தது சத்தம். மின்விசிறியை நிறுத்தத்தான் வேண்டும். நாக்பூரில் மே மாதத்தில் இது சாத்தியமா என்று கேட்பீர்கள். அதிகாலை ஐந்து மணிக்கு வையுங்கள், வயதானவர்கள் எப்படியும் எழுந்திருப்பார்கள். குயில் கூவினால் கூவட்டும், அதை நான் சத்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஃப்ரிட்ஜையும் அணைத்துவிடுங்கள். அணைத்ததை மறந்துவிட்டு வெளியே போய்விட்டால் பால் கெட்டுவிடும். அதற்கு ஒலிப்பதிவுத் தொழிலில் ஒரு பழைய யுக்தி உண்டு: வீட்டுச் சாவியை ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிட வேண்டும்! லாப்டாப்பில் பதிவு செய்தால் சார்ஜரைக் கழற்றிவிட்டு பாட்டரியில் ஓட்டுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் ஆனதால் வரும் 'ம்ம்' என்ற ரீங்காரம் பெரும்பாலும் அப்போதே குறையும்.

இப்போது மைக்குக்கு வருவோம். செல்போனானாலும் சரி, பெரிய மைக்கானாலும் சரி, முக்கியமானது தூரம். தூரம் இரட்டிப்பானால் நேராக வரும் குரல் 6 டெசிபெல் குறைகிறது. அறையின் எதிரொலியோ அப்படிக் குறைவதில்லை. ஆகவே இரண்டடி தள்ளி வைத்த மைக்கில் அறை அதிகம், குரல் குறைவு. ஒரு சாண் தூரம் சரியாக இருக்கும். அதைவிட மிக நெருக்கமாகப் போனால், ஒரு திசையில் மட்டும் கேட்கும் வகை மைக்குகளில் அடிக்குரல் செயற்கையாகப் பருத்துக் கேட்கும். வாய்க்கு நேர் எதிரே வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் வைத்தால், 'ப' என்ற எழுத்து வரும்போது காற்று மோதி வரும் 'டப்' சத்தமும், 'ஸ' வரும்போது சீறலும் அடங்கும். எம்ப்ராய்டரி வளையத்தில் மெல்லிய நைலான் துணியை மாட்டி நடுவில் நிறுத்துவது இன்னும் நல்லது.

செல்போனில் மைக் பெரும்பாலும் அடிப்பக்கத்தில், சார்ஜர் சொருகும் துளைக்குப் பக்கத்தில் இருக்கும். அந்த முனை பாடுபவரைப் பார்க்க வேண்டும். கையில் பிடிக்காமல், மடித்த துண்டின்மேல் வைத்து, ஏரோபிளேன் மோடில் போட்டுவிடுங்கள். தனி மைக் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கண்டென்ஸர் வகை நுட்பமானது, பக்கத்துப் பிளாட்டுப் பாத்திரச் சத்தத்தையும் நுட்பமாகப் பிடிக்கும். அமைதியான அறை இல்லாதவர்களுக்கு டைனமிக் வகையே போதும். மேடைக் கச்சேரிகளில் நாம் பார்க்கும் ஷூர் எஸ்.எம்.58 அந்த வகைதான். 1966ல் வந்தது, இன்றும் விற்கிறது.

ஸ்ருதிப் பெட்டியைப் பலர் மைக்குக்குப் பக்கத்திலேயே வைத்துவிடுகிறார்கள். மைக்கின் பின்புறம், அது காது கொடுக்காத திசையில், சற்றுத் தள்ளி வையுங்கள். பாடுபவருக்குக் கேட்டால் போதும். எத்தனை கட்டை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்து கட்டைக்குப் பாடிய பாட்டி இப்போது மூன்று கட்டையில் பாடினால் அப்படியே இருக்கட்டும், இழுத்துப் பிடிக்க வேண்டாம்.

தம்புராவைப் பற்றிச் சொல்லும்போது ஸர் சி.வி.ராமனை நினைக்காமல் இருக்க முடியாது. 1907லிருந்து பத்து வருஷம் அவர் நிதித்துறை உத்தியோகஸ்தர். கல்கத்தா, ரங்கூன், நாக்பூர் என்று மாற்றலாகிக்கொண்டே, ஆபீஸ் நேரத்துக்கு முன்னும் பின்னும் ஆராய்ச்சி செய்தவர். பிறகு பேராசிரியரானதும் 1920ல் மிருதங்கம், தபலா பற்றியும், 1921ல் வீணை, தம்புரா பற்றியும் எழுதினார். வலந்தலையின் நடுவில் உள்ள கரணைதான் வெறும் தோல் சத்தத்தைச் ஸ்ருதியுள்ள நாதமாக்குகிறது என்றும், தம்புராவின் வளைந்த பாலமும் ஜீவாளி நூலும்தான் அந்த மேல் ஸ்வரங்களை வாரி வழங்குகின்றன என்றும் காட்டினார். நம் பதிவுகளில் முதலில் காணாமல் போவது இந்த மேல் ஸ்வரங்கள்தான். செல்போன்களில் பேச்சுக்காகச் சத்தத்தைக் குறைக்கும் வசதி ஒன்று இருக்கிறது. மாறாமல் ஒரே சீராக வரும் எதையும் அது சத்தம் என்று முடிவு கட்டிவிடும். தம்புராவின் தொழிலே மாறாமல் ஒலிப்பதுதானே! ஆகவே ரிக்கார்டர் செயலியில் அந்த வசதியை நிறுத்திவிட்டு, தரம் என்ற இடத்தில் வேவ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஒரு நிமிஷத்துக்குச் சுமார் 5 மெகாபைட் ஆகும், ஸ்டீரியோ என்றால் 10. இன்றைய செல்போன்களுக்கு அது ஒன்றும் பாரமில்லை.

ஒலி அளவைப் பற்றி ஒரே ஒரு விதி. மானி சிவப்பைத் தொடக் கூடாது. உச்சம் மைனஸ் 12 டெசிபெலைத் தாண்டாமல் வைத்துக்கொள்ளுங்கள். குறைவாகப் பதிந்ததைப் பின்னால் உயர்த்தலாம். அதிகமாகி அலையின் உச்சி வெட்டுப்பட்டால், அது போனது போனதுதான். மாமி தாரஸ்தாயிக்குப் போகுமுன் உங்களிடம் சொல்லிவிட்டுப் போகமாட்டார்.

பாட்டு ஆரம்பிப்பதற்கு முன், ஸ்ருதி போடுவதற்கும் முன், வெறும் அறையின் நிசப்தத்தை அரை நிமிஷம் பதிவு செய்யுங்கள். ஏன் என்று சற்றுப் பொறுத்துச் சொல்கிறேன். பிறகு பாடுபவரின் பெயர், ஊர், தேதி, பாட்டை யாரிடம் கற்றார் என்பதை அவர் குரலிலேயே சொல்லச் சொல்லுங்கள். இது புது வழக்கமல்ல. 1902 நவம்பரில் கல்கத்தாவில் கிராமபோன் கம்பெனிக்காக கௌஹர் ஜான் பாடியபோது, பாட்டின் முடிவில் தம் பெயரை ஆங்கிலத்தில் சொன்னார். இசைத்தட்டு அச்சானது ஜெர்மனியில். அங்கிருப்பவர்களுக்கு யார் பாடியது என்று தெரிய வேண்டுமே. நம் பேரன்மார்களும் அந்த ஜெர்மானியர் நிலையில்தான் இருப்பார்கள்.

இனி கணினியில் செய்யும் வேலை. ஆடாசிட்டி என்ற மென்பொருள் இலவசம். 2000த்தில் முதலில் வந்தது, இன்றும் வந்துகொண்டிருக்கிறது. ஒரு வாரம் தினம் அரைமணி உட்கார்ந்தால் நம்மவர்களுக்குக் கைவந்துவிடும், டிராஃப்டிங்கும் நோட்டிங்கும் பழகிய கைகள்தானே. செய்ய வேண்டியவை சிலவே. முதலாவது, பெண் குரலானால் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழ் உள்ளதை வடிகட்டிவிடலாம். ஐந்து கட்டை ஸட்ஜமம் 196 ஹெர்ட்ஸ், மந்த்ர பஞ்சமமே 147. ஆகவே கீழே இருப்பது வண்டிச் சத்தமும் காலடிச் சத்தமும்தான். ஆண் குரலுக்கு 80ல் நிறுத்துங்கள். மிருதங்கம் இருந்தால் தொப்பி பக்கத்துக்காக இன்னும் கீழே விடுங்கள். அடுத்தது சத்தக் குறைப்பு. முன்பு பதிவு செய்த நிசப்தத்தைத்தான் இதற்கு மாதிரியாகக் காட்ட வேண்டும். ஸ்ருதி ஒலித்துக்கொண்டிருக்கும் இடத்தைக் காட்டினால், மென்பொருள் ஸ்ருதியையே துடைத்துவிடும். இதையும் லேசாகத்தான் செய்ய வேண்டும். அதிகமானால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகும். எக்கோ என்ற பொத்தானின் பக்கம் போகவே வேண்டாம் என்பது என் கட்சி.

ஸ்ருதியைத் திருத்தும் மென்பொருள் பற்றிக் கேட்பீர்கள். ஆட்டோ டியூன் 1997ல் வந்தது. அதைச் செய்தவர் எண்ணெய் வளம் தேட நில அதிர்வு அலைகளை ஆராய்ந்தவர். கெட்டிக்காரத்தனமான சாதனம். ஆனால் அது ஸ்வரத்தைப் பக்கத்துப் பியானோக் கட்டைக்கு இழுத்து நிறுத்தும். தோடியின் காந்தாரத்தை அதனிடம் கொடுத்தால் என்ன ஆகும் என்று சங்கீதம் தெரிந்த மாமிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. "பாட்டியின் குரல் உடைந்திருக்கிறது, பேத்தியைப் பாடச்சொல்லி அதை வைத்துக்கொள்ளலாமே" என்றும் சொல்கிறார்கள். பேத்தி பாடுவதையும் பதியுங்கள், சந்தோஷம். ஆனால் அந்த இடத்தில் பாட்டி கொடுக்கும் அசைவு எதுவென்பதற்கு மூலம் பாட்டியின் பதிவுதான். திருத்தாத மூலப் பதிவைத் தொடாமல் தனியாக வையுங்கள், வேலை செய்வதெல்லாம் நகலில்.

பல ஊர்களில் இருக்கும் நாம் ஒன்றுசேர்ந்து பாடலாமே என்று 2020ல் ஊரடங்கின்போது பலர் முயன்றோம். கம்ப்யூட்டர் வழியாக ஒரே நேரத்தில் பாடினால் தாளம் நிற்காது. இதற்குக் கணக்கு உண்டு. ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. ஆயிரத்தில் 30 பங்கு விநாடி தாமதம் என்றால், மிருதங்கக்காரர் பத்து மீட்டருக்கு அப்பால் உட்கார்ந்திருப்பதற்குச் சமம். இணையத்தில் தாமதம் பெரும்பாலும் இதைவிடப் பலமடங்கு. ஒருவர் முதலில் பாடி அனுப்ப, அதைக் காதில் கேட்டுக்கொண்டே மற்றவர் பாடிச் சேர்க்கலாம். அது நடக்கும், ஆனால் முதலில் பாடுபவரின் காலப்ரமாணம் கெட்டியாக இருக்க வேண்டும். முடிந்தவரை ஒரே அறையில் எதிரெதிரே உட்கார்ந்து பாடுவதே நல்லது.

திருத்திய பதிவை அன்றே முடிவு செய்யாமல் மறுநாள் காலையில் கேளுங்கள். திருத்துமுன், திருத்தியபின் இரண்டையும் ஒரே ஒலி அளவில் வைத்து ஒப்பிட வேண்டும். சத்தமாக இருப்பது எதுவும் நன்றாக இருப்பதாகத்தான் காது சொல்லும். வயதானால் மெல்லிய உயர் ஒலிகள் நமக்குக் கேட்பதில்லை. ஏதேனும் 'கீ' என்ற சத்தம் கூடவே வருகிறதா என்று வீட்டுக் குழந்தையிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்கள் வாய்ஸ் மெஸேஜாக அனுப்பாமல், கோப்பாக, டாகுமெண்ட் என்ற வழியில் அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் இவ்வளவு பாடுபட்டதும் சுருங்கிப்போகும். பொதுவில் ஏற்றுவதானால் பாடியவரின் சம்மதம் வேண்டும். சில பாட்டிகளுக்கு அது பிடிக்காது, அதை மதிக்க வேண்டும். இயற்றியவரின் உரிமையையும் பாருங்கள். நம் நாட்டுச் சட்டப்படி ஆசிரியர் காலமாகி 60 வருஷம் வரை உரிமை உண்டு. தியாகராஜர் 1847ல் ஸித்தியடைந்தவர், பிரச்சினையில்லை. பாபநாசம் சிவன் மறைந்தது 1973ல்.

கடைசியாக, நகல்கள். ஒன்று வீட்டுக் கணினியில், ஒன்று தனி ஹார்ட் டிஸ்க்கில், மூன்றாவது வேறு ஊரில் இருக்கும் தம்பி வீட்டிலோ மகள் வீட்டிலோ இருக்கட்டும். கோப்பின் பெயரில் வருஷம், மாதம், தேதி, பாடியவர், பாட்டு என்ற வரிசையில் எழுதுங்கள். அடுத்த கூட்டத்துக்கு வருகிறவர்கள் தாங்கள் செய்த பதிவில் இரண்டு நிமிஷம் பென் டிரைவில் கொண்டு வாருங்கள். இந்த ஹாலின் ஸ்பீக்கரிலேயே போட்டுக் கேட்போம். கூடவே எந்த அறையில், எத்தனை மணிக்கு, மைக் எவ்வளவு தூரத்தில் வைத்துப் பதிந்தது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு வந்தால் பேசுவதற்குச் சௌகரியமாக இருக்கும்.