சிற்றணையும் அதன் கீழ் உறங்குவோரும்



அணை என்றதும் வானளாவிய பேரணைகளே நம் நினைவுக்கு வருகின்றன. இன்று யான் பேச எடுத்துக்கொண்டதோ, ஏறத்தாழ 40 அடி உயரமே இருந்த ஒரு பழைய மண்ணணையைப் பற்றி.

அமெரிக்க நாட்டின் ஜார்ஜியா மாநிலத்தில், டொக்கோவா என்னும் ஊருக்கருகே 186 அடி அருவி ஒன்று உண்டு. அதற்கு மேலே கெல்லி பார்ன்ஸ் அணை நின்றது. கீழே ஒரு சமயக் கல்லூரியும் குடியிருப்புகளும் இருந்தன. 1899-ஆம் ஆண்டில் மரச்சட்டங்களுக்குள் கற்களை அடுக்கித் தொடங்கிய அணை, பின்னாளில் மண் கொட்டி உயர்த்தப்பெற்றது. மின்சாரம் எடுக்கும் பணி 1957-இல் முடிவுற, அது வெறும் பொழுதுபோக்கு ஏரியாயிற்று. கரையில் மரங்கள் வளர்ந்தன. செங்குத்தான வெளிச்சரிவில் மண் சரிந்திருந்தது 1973-ஆம் ஆண்டுப் புகைப்படம் ஒன்றில் தெரிகிறது.

1977 நவம்பர் 6, அதிகாலை ஒன்றரை மணியளவில், தொடர்மழைக்குப் பின் அணை உடைந்தது. உறங்கிக்கொண்டிருந்தவர்களுள் 39 பேர் மாண்டனர். அவர்களுள் 20 பேர் குழந்தைகள். ஆராய்ந்த வல்லுநர்கள் ஒரே காரணத்தைச் சுட்டவில்லை. நீர்க்கசிவு உள்ளே மண்ணை அரித்ததும், வெளிச்சரிவு சரிந்ததும் கூடியே உடைப்பை உண்டாக்கியிருக்கலாம் என்றனர்.

நிற்க. அணைகளை 'பேரிடர்', 'நடுத்தர இடர்', 'குறைந்த இடர்' என அந்நாட்டார் வகுப்பர். உடைந்தால் உயிர்ச்சேதம் நேரக்கூடுமாயின் அது பேரிடர் அணை. உயிருக்கன்றிப் பொருளுக்கே பெருஞ்சேதம் எனின் நடுத்தரம். ஈண்டு மாணவர்கள் ஒன்றை நன்கு மனத்திற் கொள்ளவேண்டும். இவ்வகைப்பாடு அணையின் வலிமையைச் சொல்வதன்று. அதன் கீழே யார் வாழ்கிறார் என்பதையே சொல்வது.

ஓர் அகல்விளக்கைக் கல்மண்டபத்தில் வைப்பதும், வைக்கோற்போருக்கருகே வைப்பதும் ஒன்றாகுமா? விளக்கு ஒன்றே, விளையும் இடர் வேறு. அணையும் அவ்வாறே. உறுதியான அணையும் பேரிடர் வகையைச் சேரலாம். பழுதுற்ற அணை ஆளற்ற காட்டில் குறைந்த இடராக நிற்கலாம். பழுதும் பேரிடரும் ஓரிடத்தில் கூடும்போதே டொக்கோவா நிகழ்கிறது.

இன்னொன்றும் உண்டு. அணையில் ஒரு கல்லும் அசையாதிருக்க, அதன் வகை மட்டும் மாறிவிடக்கூடும். வயலாயிருந்த தாழ்நிலத்தில் பத்து வீடுகள் எழுந்தால், நேற்றைய குறைந்த இடர் இன்று பேரிடராகிவிடும். ஆதலின், ஒருமுறை வகுத்து ஏட்டில் எழுதி மூடிவிடுதல் போதாது.

அணைகளைப் பரிசோதிக்க 1972-லேயே அங்குச் சட்டம் இயற்றப்பட்டிருந்தது. வேலைதான் முறையாக நடக்கவில்லை. டொக்கோவா துயருக்குப் பின் குடியரசுத் தலைவர் கார்ட்டர் ஆணையிட, 1978 முதல் 1981 வரை ஏறத்தாழ 8,800 அணைகள் பார்வையிடப்பட்டன. மூன்றில் ஒரு பங்கு பாதுகாப்பற்றவை எனத் தெரியவந்தது. அவ்வளவு காலமும் அவற்றின் கீழ் மக்கள் கவலையின்றி உறங்கி வந்தனர்.

நாளை உங்களுள் சிலர் பொறியாளராவீர். சிலர் ஊராட்சியில் அமர்வீர். பழைய அணை ஒன்றைக் காணும்போது அதன் கரைமேல் மட்டும் நடந்து திரும்பிவிடாதீர்கள். நீர் செல்லும் வழியே கீழிறங்கிச் சென்று, அங்குள்ள வீடுகளையும் எண்ணிப் பாருங்கள்.