பொதுவில் வைத்த கணிப்பொறி
(கழக வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



2024-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் நமது பட்டாபிராமில் இருபத்தொரு மாடி டைடல் பூங்கா திறக்கப்பட்டது. அக்கட்டடத்தினுள் நம் பிள்ளைகள் வாயிற்காவலராகவும் துப்புரவுப் பணியாளராகவும் மட்டுமே செல்வதா, மென்பொருள் எழுதுவோராகவும் செல்வதா? இதுவே இன்று நம் முன் நிற்கும் வினா. விலையுயர்ந்த கணிப்பொறி இல்லையே என்று சோர்ந்து போகும் இளைஞர்களுக்கு ஒரு வழி கூறவே எழுந்து நிற்கிறேன்.

சர்வர் என்பது இரவும் பகலும் ஓயாது இயங்கும் ஒரு கணிப்பொறி. அது எந்த ஊரிலும் இருக்கலாம். பழைய மடிக்கணினி ஒன்றோ, கைப்பேசியோ இருந்தால் போதும். இணையத்தின் வழியே அதனுள் நுழைந்து வேலை செய்யலாம். கடினமான பணியைத் தொலைவிலுள்ள பொறி செய்யும். நம்மிடம் வேண்டுவன திரையும் விசைப்பலகையுமே.

திறந்த மூல மென்பொருள் என்பது, அதன் நிரலை எவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் உரிமையளிப்பது. இவ்வுலகம் பிறர் தந்த இடத்தில் வளர்ந்த உலகமாகும். 1991-இல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் மாணவர், தவணை முறையில் வாங்கிய கணிப்பொறியில் ஓர் இயக்குதளத்தின் கருவை எழுதினார். ஆரி லெம்கே என்பவர், அந்நாட்டுப் பல்கலைக்கழக வலையமைப்பின் சர்வரில் அதற்கு ஓர் இடம் ஒதுக்கி, அவ்விடத்திற்கு 'லினக்ஸ்' என்று பெயரும் இட்டார். அன்று ஒதுக்கிய அச்சிறு இடத்திலிருந்து பரவிய லினக்ஸ்தான் இன்று ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் உட்கருவாக விளங்குகிறது. எழுதியவரை உலகம் அறியும். இடம் தந்தவரை அறிந்தோர் சிலரே. எனினும் இருவர் பணியும் பணியே.

இன்றும் 'கம்பைல் ஃபார்ம்' என்னும் அமைப்பு, பலர் அளித்த பல்வகைக் கணிப்பொறிகளைக் கட்டற்ற மென்பொருள் எழுதுவோர்க்குக் கட்டணமின்றித் திறந்து வைத்திருக்கிறது.

ஆனால் எச்சரிக்கையும் வேண்டும். 'ஃபாஸ்ஹோஸ்ட்' என்ற இங்கிலாந்து அமைப்பு பல திட்டங்களுக்கு இலவசமாகச் சர்வர் வழங்கி வந்தது. 2022-ஆம் ஆண்டின் இறுதியில் அது நிலைகுலைந்தபோது, அதனை நம்பியிருந்தோர் அவசர அவசரமாக வேறிடம் தேட நேர்ந்தது. ஒருவர் தயவில் மட்டும் நிற்கும் உதவி, அவர் கை தளர்ந்த அன்றே சாய்ந்துவிடும்.

ஆதலால், பணியிலிருக்கும் நம் கழகத்தின் மூத்த மாணவர்களை வேண்டுகிறேன். உங்களுள் ஒருவர் ஒரு சிறு சர்வரை வாடகைக்கு எடுத்துத் தர முன்வந்தால், கழகம் அதனை முறையாக ஏற்றுக்கொள்ளட்டும். ஒவ்வோர் இளைஞருக்கும் தனிக்கணக்கு வேண்டும். கடவுச்சொல்லை எவரும் பிறர்க்கு ஈதல் கூடாது. நிர்வாக உரிமை இருவரிடமாவது இருத்தல் வேண்டும். எழுதிய நிரலின் நகல் வேறோர் இடத்திலும் இருத்தல் வேண்டும். கொடுத்தவர் நிறுத்த நேர்ந்தால் முன்னறிவிப்புத் தரவேண்டும்; கழக நிதியும் கைகொடுக்க வேண்டும்.

இளைஞர்களே! முதல் நாளே பெரிய மென்பொருள் எழுத வேண்டுவதில்லை. பிறர் எழுதிய நிரலை இயக்கிப் பாருங்கள்; பிழை கண்டால் தெளிவாக எழுதி அனுப்புங்கள்; ஆங்கிலக் கட்டளைகளுக்குத் தமிழாக்கம் செய்யுங்கள். உங்கள் பெயரால் பதிவாகும் அவ்வுழைப்பை, நாளை வேலை தருவோர் எவரும் திறந்து பார்க்கலாம். பரிந்துரைக் கடிதம் தர ஆளில்லாத பிள்ளைக்கு அதுவே பரிந்துரை.

1927-ஆம் ஆண்டு மகாடு நகரின் சவுதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் தண்ணீர் அள்ளிப் பருகினார். தாகம் தணிக்க மட்டுமா பருகினார்? பொதுவானது எவர்க்கும் பொது என்று நிலைநாட்டவே பருகினார். லினக்ஸ் 1992-இல் ஏற்ற உரிமத்திலும் ஒரு நிபந்தனை உண்டு: அதனைத் திருத்தி வெளியிடுவோர், திருத்திய நிரலையும் பெறுவோர்க்குத் தந்தாக வேண்டும். பொதுவில் வந்ததை மீண்டும் பூட்டி வைக்க எவர்க்கும் உரிமையில்லை. பூட்டிய குளங்களைக் கண்ட நமக்கு இதன் அருமையை எவரும் விளக்க வேண்டுவதில்லை. நாம் அள்ளிப் பருகுவதோடு நில்லாமல், நம் பங்குக்கு ஓர் ஊற்றையும் தோண்டுவோம்.