நிரல்மொழி மாறும், நெறி நிற்கும்

நிரல்மொழிக் கோட்பாடு கணினி அறிவியல் பட்டப்படிப்பில் பெரும்பாலும் ஒரே ஒரு பருவம் நடத்தப்படும் பாடம். ஜாவாவையோ பைத்தானையோ கற்றுத் தருவது அதன் வேலை அன்று. ஒரு மொழியை வடிவமைத்தவர் எதை எளிதாக்கினார், எதைத் தடுத்தார், அதற்காக நிரலர் எதை விட்டுக்கொடுக்கிறார் என்று ஆராய்வதே அதன் வேலை. இன்று பட்டம் பெறுவோர் கற்றவற்றுள் நெடுங்காலம் உடன் வரக்கூடியது இதுவே. ஜவ்வாது மலையில் உள்ள ஒரு வானாய்வகத்தைக் கொண்டே அப்பாடத்தை விளக்கலாம்.

ஆலங்காயத்தை அடுத்த காவலூரில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 725 மீட்டர் உயரத்தில், வைணு பாப்பு வானாய்வகம் அமைந்துள்ளது. 1968இல் 38 செ.மீ. தொலைநோக்கியுடன் அங்கே பணி தொடங்கியது. 1972இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி நிறுவப்பட்டது. அதே ஆண்டில் வியாழனின் துணைக்கோளான கானிமீடு ஒரு விண்மீனை மறைத்தபோது, அத்துணைக்கோளுக்கு மெல்லிய வளிமண்டலம் உண்டு என்பதற்கான அடையாளம் அங்கே பதிவானது. 1977 மார்ச் 10 அன்று யுரேனசின் வளையங்களை வெளிப்படுத்திய மறைப்பையும் காவலூர் கவனித்தது. 1986இல் 2.34 மீட்டர் தொலைநோக்கி வந்தது. இத்தகைய மறைப்பு சிறிது நேரத்தில் முடிந்துவிடும். தவறவிட்டால் அதே நிகழ்வு திரும்ப வராது. இன்று தொலைநோக்கிகளை இயக்குவது நிரல். அதை எந்த மொழியில் எழுதுவது என்ற கேள்வியோடு நிரல்மொழிக் கோட்பாடு நேரடியாகத் தொடர்புடையது.

பாடத்தின் முதல் பகுதி தொடரமைப்பும் பொருளும். தொல்காப்பியம் மொழியை எழுத்து, சொல், பொருள் என்று பகுத்து ஆராய்ந்ததைப் போல, கணினியும் நிரலை முதலில் குறிகளாகப் பிரிக்கிறது. பிறகு அவற்றின் தொடரமைப்பைச் சரிபார்க்கிறது. அதன் பின்னரே பொருள் கொள்கிறது. ஆகோ, ரவி சேத்தி, உல்மன் மூவரும் நிரல்பெயர்ப்பி (கம்பைலர்) பற்றி 1986இல் வெளியிட்ட நூல் தமிழகப் பொறியியல் மாணவர்களுக்கு நன்கு பழக்கமானது. இந்தியாவில் பிறந்து கான்பூர் ஐஐடியில் பயின்ற ரவி சேத்தி, நிரல்மொழிக் கோட்பாட்டுக்கென்றே தனிப் பாடநூலும் எழுதினார். தொடரமைப்பு வேறு, பொருள் வேறு என்பதை ‘எழில்’ என்னும் தமிழ் நிரல்மொழி தெளிவாகக் காட்டுகிறது. முத்து அண்ணாமலை உருவாக்கிய அம்மொழியில் திரையில் அச்சிடும் கட்டளை ‘பதிப்பி’. சொற்கள் தமிழாக இருந்தாலும் மாறியும் மடக்கும் சார்பும் எல்லா மொழிகளிலும் உள்ள அதே கருத்துகள்தாம்.

இரண்டாம் பகுதி பெயர்கள். ஒரு பெயர் எதைக் குறிக்கிறது, எவ்வளவு தூரம் செல்லுபடியாகிறது என்பதை மொழியே தீர்மானிக்கிறது. துளையட்டைகளில் நிரல் எழுதிய தலைமுறைக்கு இதன் அருமை தெரியும். 1970களில் சென்னை ஐஐடியின் ஐபிஎம் 370 கணினியில் ஃபோர்ட்ரான் நிரல்கள் அட்டைக்கட்டுகளாகத்தான் போயின. கட்டைக் கொடுத்துவிட்டுத் தாளில் அச்சாகி வரும் விடைக்குக் காத்திருக்க வேண்டும். ஃபோர்ட்ரானில் ஒரு மாறியை அறிவிக்காமலே பயன்படுத்தலாம். ஐ முதல் என் வரையான ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் பெயர்கள் முழு எண்களாகவும் மற்றவை தசம எண்களாகவும் கொள்ளப்படும். பெயரில் ஓரெழுத்து பிழைத்தால் புதிய மாறி ஒன்று ஓசையின்றிப் பிறந்துவிடும். அந்தச் சலுகையை முற்றிலும் விலக்கிவைக்கும் கட்டளை 1990களின் ஃபோர்ட்ரான் தரத்தில்தான் இடம்பெற்றது. அட்டை துளைக்கும் உழைப்பைக் குறைத்த வசதி, பிழை தேடும் உழைப்பைப் பெருக்கியது.

மூன்றாம் பகுதி தரவு வகைகள். பாடத்தின் இதயம் இதுதான். வேறு எதை மறந்தாலும் இதை மறக்கலாகாது. வானில் ஒரு விண்மீனின் இடத்தைக் குறிக்க இரண்டு எண்கள் வேண்டும். ஒன்று மணிக்கணக்கில் தரப்படும். மற்றொன்று பாகைக் கணக்கில். 24 மணி 360 பாகைக்குச் சமம் என்பதால் ஒரு மணி 15 பாகை. கணினிக்கோ 5.5 என்பது வெறும் எண். மணியைப் பாகையாக எடுத்துக்கொண்டால் தொலைநோக்கி வேறொரு திசையை நோக்கும். நிரல் எந்தப் பிழையும் காட்டாது. மணிக்கு ஒரு வகை, பாகைக்கு ஒரு வகை என்று அறிவிக்க இடம் தரும் மொழியில், இரண்டையும் கலக்கும் வரி நிரல்பெயர்ப்பிலேயே தடுக்கப்படும். எஃப் ஷார்ப் மொழி அளவை அலகுகளையே வகைகளின் பகுதியாக ஏற்றுக்கொள்கிறது.

இது வெறும் கற்பனை அச்சம் அன்று. 1999 செப்டம்பரில் நாசாவின் செவ்வாய்க் காலநிலை விண்கலம் தொலைந்தது. ஒரு நிரல் உந்துவிசைக் கணக்கைப் பவுண்டு அலகில் தந்தது; அதைப் பெற்ற நிரல் நியூட்டன் அலகு என்று கொண்டது. அதற்கு முன் 1996 ஜூன் 4 அன்று முதல் ஏரியன் 5 ஏவூர்தி புறப்பட்ட ஏறத்தாழ 40 விநாடிகளில் சிதறியது. ஏரியன் 4க்கு எழுதிய நிரலின் ஒரு பகுதி மாற்றமின்றி அதில் ஓடியது. 64 பிட் தசம எண் ஒன்றை 16 பிட் முழு எண்ணாக மாற்றும் வரி அதில் இருந்தது. அத்தகைய முழு எண்ணில் 32,767க்கு மேல் கொள்ளாது. புதிய ஏவூர்தியின் வேகம் அந்த எல்லையை மீறியது. நிரல் எழுதப்பட்ட அடா மொழி மீறலைக் கண்டுபிடித்தது. ஆனால் அந்த எண் ஒருபோதும் அவ்வளவு பெரிதாகாது என்று நம்பி, மீறினால் என்ன செய்வது என்பதை எழுதாமல் விட்டிருந்தார்கள். மாற்றுக் கணினியிலும் அதே நிரல் இருந்ததால் அதுவும் அதே காரணத்தால் நின்றது. மொழி எச்சரிக்கலாம், எச்சரிக்கையை மதிக்க வேண்டியது மனிதர்.

எதிர்ப்பக்கத்தையும் பார்ப்பது நியாயம். சார்லஸ் மூர் உருவாக்கிய ஃபோர்த் மொழி, 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கிட் பீக் மலையில் வானொலித் தொலைநோக்கியை இயக்கப் பயன்பட்டது. வகைச் சோதனை அதில் இல்லை. ஆனால் அது மிகச் சிறிய நினைவகத்தில் அடங்கியது; தொலைநோக்கி இயங்கும்போதே புதிய கட்டளைகளைச் சேர்க்க முடிந்தது. உலகின் பல வானாய்வகங்கள் அதை ஏற்றன. அந்தக் காலத்துக் கணினிக்கு அது தகுந்த தேர்வு. ஆகவே எந்த மொழி சிறந்தது என்று தனியாகக் கேட்பதில் பயனில்லை. எந்த வேலைக்கு, எந்தக் கருவியில் என்று சேர்த்துக் கேட்க வேண்டும்.

எஞ்சிய பகுதிகள் இரண்டு. அவற்றுள் ஒன்று நினைவகம். நினைவகத்தை விடுவிக்கும் பொறுப்பைச் சி மொழி நிரலரிடம் விட்டது. ஜாவாவில் மொழியே அப்பொறுப்பை ஏற்றது. ரஸ்ட் நிரல்பெயர்ப்பின்போதே நினைவகத்தின் உரிமையைச் சோதிக்கிறது. ஒரே நேரத்தில் பல வேலைகள் நடப்பது இறுதிப் பகுதி. தொலைநோக்கி விண்மீனைப் பின்தொடரும்போதே கூரைமாடம் சுழல வேண்டும், படமும் பதிவாக வேண்டும்; ஒன்றின் தரவை மற்றொன்று பாதியில் மாற்றாமல் காப்பது மொழி தரும் வசதிகளைப் பொறுத்தது.

சென்னை கணிதவியல் கழகத்தில் இளநிலை மாணவர்கள் ஹாஸ்கெல் போன்ற சார்புவழி மொழியில் நிரலாக்கத்தைத் தொடங்குகிறார்கள். நிரல்மொழிக் கருத்துகள் என்ற பாடத்தில் பொருள்நோக்கு நிரலாக்கம், உடனிகழ்வு, லாம்ப்டா கணிதம், வகை உய்த்துணர்தல் ஆகியவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பயில்கிறார்கள். வேலைவாய்ப்புச் சந்தை கேட்கும் மொழியை மட்டும் நடத்தும் கல்லூரிகள் இந்த முறையைப் பின்பற்றுவது நல்லது.

பட்டம் பெற்று வெளியேறுவோர் தம் பணிக்காலத்தில் பல மொழிகளைக் கையாள நேரும். அவற்றுள் சில இன்னும் பிறக்கவே இல்லை. புதிய மொழி ஒன்று கையில் வரும்போது ஐந்து கேள்விகள் போதும். இதன் தொடருக்குப் பொருள் எப்படி வரையறுக்கப்படுகிறது? பெயர் எதுவரை செல்லும்? வகைப் பிழையை எப்போது பிடிக்கும்? நினைவகத்துக்கு யார் பொறுப்பு? இரண்டு வேலைகள் மோதினால் என்ன ஆகும்? இவற்றுக்கு விடை கண்ட பிறகே முதல் வரியை எழுதுங்கள். உங்கள் நிரலை நம்பி இயங்கும் கருவிக்கும் மனிதருக்கும் நீங்கள் செய்யும் முதல் கடமை அதுதான்.