வீட்டுச் சுவடியறையும் பழைய வன்தட்டும்

பழந்தமிழ் நூல்கள் இன்று நம்மவர் கையில் இருப்பதற்குக் காரணம் பனையோலை அழியாத பொருள் என்பதன்று. ஓலை அழியும் பொருளே. ஈரமும் கறையானும் காலமும் அதனைத் தின்றுவிடும். இதனை நன்கறிந்த முன்னோர், ஓர் ஏடு நைந்துபோகுமுன்னரே அதனைப் பார்த்து மற்றோர் ஏட்டிற் பெயர்த்தெழுதி வைத்தனர். பெயர்த்தெழுதப்பட்ட நூல் பிழைத்தது, ஏனையது மறைந்தது. 1887ஆம் ஆண்டு கலித்தொகையை அச்சேற்றிய சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள், தொட்டவுடன் ஒடிந்து உதிரும் ஏடுகளைப் பற்றி வருந்தி எழுதியதைத் தமிழ் கற்றோர் அறிவர்.

இன்றைய இல்லங்களின் ஏடு வன்தட்டு ஆகும். கடைக்காரர் 'ஹார்ட் டிஸ்க்' என்று கூறுவது இதனையே. திருமணப் படங்கள், குழந்தையின் முதற் பேச்சு, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, பாட்டனார் கைப்பட எழுதிய கடிதத்தின் படப்பிரதி ஆகிய யாவும் இன்று மின்னெழுத்தாகவே பேணப்படுகின்றன. போரினால் இடம்பெயர்ந்தும், 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையில் அகப்பட்டும், குடும்பப் படங்களை ஒன்றும் எஞ்சாமல் இழந்த வீடுகள் இந்நாட்டிற் பல. அவர்களுட் சிலருக்கு ஓரிரு படங்களாவது மீண்டும் கிடைத்ததுண்டு. தூரத்து உறவினர் வீட்டில் அவற்றின் பிரதி இருந்தமையே அதற்குக் காரணம். இந்த உண்மையை மனத்திற் கொண்டு, பழைய வன்தட்டு வாங்குதல் என்னும் விடயத்தை ஆராய்வது பொருத்தமாகும்.

ஒரு வீட்டிலுள்ள எல்லோருடைய படங்களையும் பத்திரங்களையும் ஓரிடத்திற் சேர்த்து வைக்கும் கருவிக்கு வலையமைப்புச் சேமிப்பகம் என்று பெயர். வணிகர் அதனை 'நாஸ்' எனச் சுருக்கி அழைப்பர். இரண்டு அல்லது நான்கு வன்தட்டுகளைத் தன்னகத்தே கொண்ட சிறு பெட்டி அது. வீட்டின் இணைய ரவுட்டருடன் அதனை இணைத்துவிட்டால், தாயின் தொலைபேசியும் மகனின் கணினியும் தத்தம் சேகரங்களை அதற்கு அனுப்பி வைக்கும். சினாலஜி, கியூநாப் போன்ற நிறுவனங்களின் பெட்டியை வாங்கலாம். அல்லது பயனின்றிக் கிடக்கும் பழைய மேசைக் கணினியில் ட்ரூநாஸ், ஓப்பன்மீடியாவோல்ட் போன்ற இலவச மென்பொருளை நிறுவி அதனையே சேமிப்பகமாக்கலாம். எவ்வழியிற் சென்றாலும் செலவின் பெரும்பகுதி வன்தட்டுகளுக்கே போகின்றது. ஆதலால், சிக்கனம் கருதுவோரின் கண் 'ரீபர்பிஷ்ட்' எனப்படும் புதுப்பிக்கப்பட்ட தட்டுகளின்மீது விழுவது இயல்பே.

வன்தட்டு எத்தகைய பொருள் என்பதை முதலில் அறிதல் வேண்டும். 1956ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டுக் கருவி, 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகளைக் கொண்டது. ஒரு தொன்னுக்கு மேற்பட்ட எடையுடையது. அது தாங்கிய எழுத்துகள் 50 இலட்சம் மாத்திரமே. இன்று கையில் அடங்கும் 20 டெராபைட் தட்டு ஒன்று, அதனைப்போற் சுமார் 40 இலட்சம் மடங்கு தாங்குகின்றது. இத்தகைய தட்டு பெரும்பாலும் நிமிடத்துக்கு 7200 தரம் சுழலும். அதன்மேல் எழுதும் தலை, மனிதனின் தலைமயிர்த் தடிப்பிற் பல்லாயிரத்தில் ஒரு பங்கே உயரமுள்ள இடைவெளியில் மிதந்து செல்கின்றது. இத்துணை நுண்ணிய இயந்திரம் என்றேனும் ஒருநாள் நின்றுபோகும் என்பதில் ஐயமில்லை. புதியதும் நின்றுபோகும்; பழையதும் நின்றுபோகும். எப்போது என்பதொன்றே வினா.

புதுப்பிக்கப்பட்ட தட்டுகள் எங்கிருந்து வருகின்றன? அவற்றிற் பெரும்பாலானவை பெரிய தரவு நிலையங்களிற் பணியாற்றியவை. அங்கு பயன்படும் உயர்தரத் தட்டுகளுக்கு வழக்கமாக 5 ஆண்டு உத்தரவாதம் உண்டு. அக்காலம் முடியும் தறுவாயில், பழுதுறாத தட்டுகளையும் கழற்றிவிட்டு, கூடிய கொள்ளளவுள்ளவற்றைப் பொருத்துவர். அதே இடத்திலும் அதே மின்சாரத்திலும் மேலும் பன்மடங்கு தரவை அடக்கலாம் என்பதே காரணம். ஓய்வுபெற்ற இத்தட்டுகள் சோதிக்கப்பட்டுச் சந்தைக்கு வருகின்றன. இங்கே 'புதுப்பித்தல்' என்னும் சொல் சிலரை மயக்கக்கூடும். பழைய மோட்டார் வண்டியின் இயந்திரத்தைக் கழற்றிப் புதிய உறுப்புகளைப் பூட்டுவதுபோல, வன்தட்டைத் திறந்து புதுப்பிப்பது அரிதினும் அரிது. பெரும்பாலும் பழைய தரவை அழித்து, முழுத் தட்டையும் சோதித்து, பழுதுற்ற இடங்களை விலக்கிவைத்து, புதிய சீட்டொன்றை ஒட்டுவதே புதுப்பித்தல் எனப்படுகின்றது.

இவற்றுள்ளும் மூவகை உண்டு. முதலாவது, உற்பத்தி செய்த நிறுவனமே திரும்பப் பெற்றுச் சோதித்துச் சான்றளித்தது. இரண்டாவது, விற்பனையாளர் தாமே சோதித்துத் தமது பொறுப்பில் உத்தரவாதம் அளிப்பது. மூன்றாவது, கழற்றியவாறே விற்கப்படுவது. மூன்றின் விலையும் வேறு; தகுதியும் வேறு. எவ்வகையினது என்று தெளிவாகக் கூறாத விற்பனையாளரிடம் வாங்காதிருத்தலே நன்று. உற்பத்தி நிறுவனம் சான்றளித்த தட்டுகளில், அவை ஓடிய நேரத்தைக் காட்டும் கணக்கு மீண்டும் சுழியத்திலிருந்து தொடங்குவது வழக்கம். ஆகவே கணக்கிற் சுழியம் காணப்படுவதுகொண்டு தட்டுப் புதியது என்று முடிவுசெய்தல் கூடாது.

இதற்கு 2025ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒரு செய்தி தக்க சான்றாகும். அவ்வாண்டின் தொடக்கத்தில் ஜேர்மனியின் ஹைசே என்னும் கணினிச் செய்தி நிறுவனம், சீகேட் நிறுவனத்தின் உயர்தரத் தட்டுகள் பல, உண்மையிற் பழையனவாயிருந்தும், புதியவை என்ற பெயரில் விற்கப்பட்டதை வெளிப்படுத்தியது. 'ஸ்மார்ட்' எனப்படும் வழக்கமான கணக்கேட்டில் அவை ஓடிய நேரம் அழிக்கப்பட்டிருந்தது. ஆயின் அந்நிறுவனத்தின் தட்டுகள் 'ஃபார்ம்' என்னும் மற்றொரு கணக்கையும் தம்முள் வைத்திருந்தன. அதனைப் படித்தபோது, அத்தட்டுகள் பல்லாயிரம் மணித்தியாலங்கள் ஓடியவை என்பது தெரியவந்தது. சியா என்னும் மின்னியல் நாணயத்தை ஈட்டும் பொருட்டு 2021ஆம் ஆண்டளவிற் பெருந்தொகையாக வாங்கப்பட்ட தட்டுகளே இவ்வாறு மறுபிறவி எடுத்தன என்று கருதப்பட்டது. தாம் அவற்றை அவ்விற்பனையாளருக்கு வழங்கவில்லையென்று சீகேட் நிறுவனம் கூறியது. அதே ஆண்டில் மலேசியாவில், கோலாலம்பூருக்கு அண்மையில், பழைய தட்டுகளுக்குப் புது வேடமிட்ட பட்டறையொன்றும் கண்டுபிடிக்கப்பட்டது.

இச்செய்தியிலிருந்து பழைய தட்டே கூடாது என்ற முடிவுக்கு வருவது முறையன்று. ஏமாந்தோர் புதியது என்று நம்பிப் புதியதன் விலையைக் கொடுத்தவர்களே. பழையதைப் பழையதென்று சொல்லி, அதற்குரிய விலைக்கு விற்பவன் யாரையும் ஏமாற்றுவதில்லை. பழையதற்குப் புதியதன் பெயரைச் சூட்டுவதே குற்றம். எனவே வாங்குவோர் கேட்கவேண்டிய முதல் வினா, "இது எத்தனை மணித்தியாலம் ஓடியது?" என்பதாகும். ஓராண்டுக்கு 8760 மணித்தியாலம். 40,000 மணித்தியாலம் ஓடிய தட்டு நாலரை ஆண்டுக்கு மேல் இடைவிடாது உழைத்தது என்று கணக்கிட்டுக்கொள்ளலாம்.

கேட்டறிய வேண்டியவை வேறும் சில உள. தட்டின் இணைப்புமுகம் 'சாட்டா' வகையினதா, 'சாஸ்' வகையினதா என்று பார்த்தல் அவசியம். சாஸ் தட்டு மலிவாகக் கிடைக்கும்; ஆனால் வீட்டுப் பெட்டிகளிற் பெரும்பாலானவற்றில் அது பொருந்தாது. அடுத்து, எழுதும் முறை. சில தட்டுகள் ஓட்டுக்கூரையின் ஓடுகளைப்போல, ஒரு தடத்தின்மேல் மறுதடம் சற்றே கவியுமாறு எழுதுகின்றன. இம்முறையினை 'எஸ்.எம்.ஆர்.' என்பர். பல தட்டுகளை ஒன்றிணைக்கும் சேமிப்பகத்துக்கு இது பொருந்துவதில்லை. பழுதுற்ற தட்டை மாற்றி மீளமைக்கும் வேளையில் மிகவும் தாமதிக்கும். வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம், சேமிப்பகத்துக்கென்றே விற்ற தட்டுகள் சிலவற்றில் இம்முறையைக் கையாண்டமை 2020ஆம் ஆண்டு வெளிப்பட்டு, பெருங்கண்டனத்துக்குள்ளானது. தட்டின் மாதிரி எண்ணைக் கொண்டு இதனை நிறுவனத்தின் பட்டியலிற் சரிபார்க்கலாம். தொடர் எண்ணைக் கொண்டு உத்தரவாதம் எஞ்சியுள்ளதா என்பதையும் அறியலாம். தரவு நிலையத் தட்டுகள் பலவற்றின் ஓசை பெரிது. அவற்றைப் படுக்கையறையில் வைத்தவர் உறக்கத்தை இழப்பர்.

தட்டு வீட்டுக்கு வந்ததும் உடனே படங்களை அதில் நிரப்புதல் தவறு. முதலிற் சோதித்தல் வேண்டும். விண்டோஸ் கணினியிற் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ, ஏனையவற்றில் ஸ்மார்ட்மொன்டூல்ஸ் ஆகிய இலவச மென்பொருள்கள் தட்டின் கணக்கேட்டைப் படித்துக் காட்டும். பழுதுற்று மாற்றீடு செய்யப்பட்ட இடங்கள் எத்தனை, ஐயத்துக்குரியனவாக நிலுவையில் நிற்கும் இடங்கள் எத்தனை, திருத்த முடியாதவை எத்தனை என்னும் மூன்று எண்களையும் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னர் தட்டின் தொடக்கம் முதல் முடிவுவரை ஒருமுறை எழுதி, ஒருமுறை படித்துப் பார்த்தல் வேண்டும். 10 டெராபைட் தட்டை ஒருமுறை எழுதி முடிக்க ஏறக்குறைய 14 மணித்தியாலம் செல்லும்; படிக்கவும் அவ்வளவே. பொறுமை வேண்டுமாயினும் இது வீணன்று. இச்சோதனையின் பின் அம்மூன்று எண்களில் ஏதேனும் உயருமாயின், தட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுதல் வேண்டும். திருப்பிப் பெற மறுக்கும் கடையில் விலை எவ்வளவு குறைந்தாலும் அது மலிவன்று.

சோதனையில் வென்ற தட்டை முற்றாக நம்பலாமா என்றால், அதுவும் இயலாது. கூகிள் நிறுவனத்தின் ஆய்வாளர் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட வன்தட்டுகளை ஆராய்ந்து, 2007ஆம் ஆண்டு தம் முடிவுகளை வெளியிட்டனர். இறந்துபோன தட்டுகளில் 56 சதவீதத்துக்கு மேற்பட்டவை, முக்கியமான நான்கு எச்சரிக்கைக் குறிகளில் ஒன்றையும் காட்டாமலே இறந்தன என்று அவர்கள் கண்டனர். புதிதும் பழையதுமாகப் பல இலட்சம் தட்டுகளை ஓட்டும் அமெரிக்காவின் பேக்பிளேஸ் நிறுவனம், 2024ஆம் ஆண்டில் தன் தட்டுகளில் நூற்றுக்கு 1.57 வீதம் பழுதுற்றதாக அறிவித்தது. நூற்றில் ஒன்றிரண்டு என்பது நிறுவனத்துக்குச் சிறு தொகை. ஆனால் அந்த ஒன்றில் ஒரு குடும்பத்தின் படங்கள் யாவும் இருந்தால், அக்குடும்பத்துக்கு அது முழு இழப்பாகும்.

இதற்கு ஒரு வழி 1988ஆம் ஆண்டிலேயே காட்டப்பட்டது. கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பற்றர்சன், கிப்சன், காட்ஸ் என்னும் மூவர், விலையுயர்ந்த பெருந்தட்டு ஒன்றுக்குப் பதிலாக, மலிவான சிறுதட்டுகள் பலவற்றை ஒன்றிணைத்து, ஒன்று அழிந்தாலும் தரவு அழியாதவாறு அமைக்கலாம் என ஆய்வுக் கட்டுரையொன்றில் விளக்கினர். 'ரெயிட்' எனப்படும் அம்முறையே இன்றைய வீட்டுச் சேமிப்பகத்தின் முதுகெலும்பு. இரு தட்டுகளில் ஒரே பொருளை எழுதுவது அதன் எளிய வடிவம். ஒரே நாளில், ஒரே பெட்டியில் வந்த இரட்டையர்களைச் சேர்த்து வைக்காமல், வெவ்வேறு தொகுதியைச் சேர்ந்த தட்டுகளை இணைப்பது அறிவுடைமை. ஒன்றாக உழைத்தவை ஒன்றாகவே ஓய்வதும் உண்டு.

ஆயினும் ஒரே பெட்டியிலுள்ள இரு தட்டுகள் இரு பிரதிகள் ஆகமாட்டா. தவறுதலாக அழிக்கப்பட்ட படம் இரண்டிலும் ஒருங்கே அழியும். இடி விழுந்தாலும், வெள்ளம் புகுந்தாலும், கள்வன் பெட்டியைத் தூக்கிச் சென்றாலும் இரண்டும் ஒருங்கே போகும். திடீர் மின்தடையும் தீங்கு செய்யும். நாளுக்கு 13 மணித்தியாலம்வரை மின்சாரம் தடைப்பட்ட 2022ஆம் ஆண்டை இந்நாட்டு மக்கள் மறந்திரார். சேமிப்பகத்துக்கு மின்கலத் துணையாகிய யூ.பி.எஸ். ஒன்று வேண்டுமென்பது அதனாலேயே. இவற்றுக்கெல்லாம் மேலாக, துறை அறிந்தோர் எங்கும் கூறும் விதி ஒன்றுண்டு. பிரதிகள் மூன்று இருக்கவேண்டும். அவை இரு வகைப் பொருள்களில் இருக்கவேண்டும். அவற்றுள் ஒன்று வேறிடத்தில் இருக்கவேண்டும். வேறிடம் என்பது தமக்கையின் வீடாகவும் இருக்கலாம். வெளிநாட்டிலுள்ள மைந்தனின் வீடாகவும் இருக்கலாம்.

பழைய வன்தட்டின் உண்மையான பயன் இங்கேதான் புலப்படுகின்றது. புதிய தட்டு ஒன்றின் விலையில் பழைய தட்டு இரண்டு வாங்க இயலுமாயின், அந்த இரண்டாவது தட்டு ஆதாயமன்று, அதுவே பாதுகாப்பு. மிச்சப்பட்ட பணத்தை வேறு செலவுக்கு எடுத்துக்கொண்டு, ஒரேயொரு பழைய தட்டில் எல்லாவற்றையும் ஒப்படைப்பவர் சூதாடுகின்றார். ஒரேயொரு புதிய தட்டை நம்பியிருப்பவரும் சூதாடுபவரே. பந்தயப் பணம் மாத்திரம் சற்றுக் கூட. பழையது என்று தெரிந்தே வாங்கி, சோதித்து, பிரதி எடுத்து, அப்பிரதியை ஆறு மாதத்துக்கொருமுறையேனும் திறந்து பார்ப்பவரே குடும்பத்தின் ஏடுகளை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுசெல்வார்.

ஓலைச்சுவடியைக் காத்தது ஓலையின் உறுதியன்று. பெயர்த்தெழுதிய கையின் ஊக்கம். பொருள் மாறினும் அந்தக் கடமை மாறவில்லை.