53 குடம் வெந்நீர்

"வீட்டுல ஹாட் டப் வச்சா வருஷம் பூரா பராமரிக்க முடியுமா?"ன்னு சிலர் கேட்டிருந்தீங்க. நான் வச்சிருந்தேன். அதுவும் சென்னையில இல்ல, பழவேற்காடு ஏரிக்கரையில, எங்க அம்மா வீட்டு வாசல்ல. சிரிக்காம கேளுங்க.

அம்மாவுக்கு வேலை ஏரியில. இடுப்பளவு தண்ணியில குனிஞ்சு, சேத்துக்குள்ள கைவிட்டுத் தடவி இறால் பிடிக்கிறவங்க. ஒரு நாளைக்கு நாலஞ்சு மணி நேரம். சாயங்காலம் வந்தா முட்டியும் இடுப்பும் வலி. அந்தச் சமயத்துலதான் ஒரு விஷயம் படிச்சேன். ஜக்குஸி குடும்பத்துல ஒரு பையனுக்குச் சின்ன வயசுலயே முடக்குவாதம். அவனுக்காகத் தொட்டித் தண்ணியைச் சுழல வைக்கிற பம்ப் ஒண்ணு செஞ்சாங்க. 1956-ல அது விற்பனைக்கு வந்துச்சு. பணக்காரங்க விளையாட்டுன்னு நாம நினைக்கிற சாமான், வலிக்கு மருந்தாத்தான் ஆரம்பிச்சிருக்கு. எனக்கு அது போதும். போனஸ் வந்ததும் காத்தடிச்சு நிப்பாட்டுற டப் ஒண்ணு வாங்கிட்டுப் போனேன்.

முதல் சிக்கல் தண்ணி. டப்புக்கு 800 லிட்டர் வேணும். 15 லிட்டர் குடம்னா 53 குடம். எங்க தெரு போர்ல வர்றது உப்புத் தண்ணி, நல்ல தண்ணிக்குக் குழாயடியில நிக்கணும். "53 குடத்தை உன் தொட்டியில ஊத்திட்டு, சோத்துக்கு என்னடா பண்றது?"ன்னு அம்மா கேட்டாங்க. சரின்னு போர் தண்ணியையே ஊத்தினேன். ரெண்டே மாசத்துல ஹீட்டர் உள்ள வெள்ளையா உப்புப் படிஞ்சு, சூடு ஏறவே இல்ல. வினிகர் ஊத்திக் கழுவினா கொஞ்சம் விடும், திரும்பப் படியும்.

ரெண்டாவது கரண்ட். கணக்குப் போட்டுப் பாருங்க. 800 லிட்டரை 25 டிகிரியிலேருந்து 38-க்கு ஏத்த ஏறக்குறைய 12 யூனிட். 2 கிலோவாட் ஹீட்டர்னா குறைஞ்சது ஆறு மணி நேரம். அப்போ இங்க ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசமா இருந்துச்சு. எட்டு தடவை சூடு பண்ணினா அது காலி. மூடி போடாம விட்டா சூடும் நிக்காது.

மூணாவது மருந்து. வெதுவெதுப்பான தண்ணி கிருமிக்கு ரொம்பப் பிடிச்ச இடம். 25-லேருந்து 45 டிகிரி வரைக்கும் லெஜியோனெல்லா மாதிரி கிருமி நல்லா வளரும். அதனால குளோரின் குறையாம இருக்கணும், பிஎச் 7.2-லேருந்து 7.8-க்குள்ள நிக்கணும். டெஸ்ட் பட்டையைத் தண்ணியில முக்கி அடிக்கடி பார்க்கணும். ஃபில்டரைக் கழுவணும். மூணு மாசத்துக்கு ஒரு தடவை முழுத் தண்ணியையும் மாத்தணும். நான் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமைதான் ஊருக்குப் போவேன். மீதி ஆறு நாள் இதெல்லாம் யார் தலையில விழும்? ஏரியிலேருந்து களைச்சு வர்ற அம்மா தலையில.

தண்ணி மாத்துற நாள் அம்மா கேட்டாங்க: "இதை எங்க ஊத்துவ?" வாய்க்கால்லன்னு சொன்னேன். "வாய்க்கா எங்க போகுது?" ஏரிக்குத்தான் போகுது. குளோரின் தண்ணி மீனுக்கும் இறால் குஞ்சுக்கும் விஷம். அப்புறம் மூடியைத் திறந்து வெயில்ல போட்டு, பட்டையில குளோரின் பூஜ்யம்னு வந்த பிறகுதான் மண்ணுல விட்டேன். நீங்க டப் வச்சாலும் இதை மறக்காதீங்க.

எங்க ஏரிக்கே வருஷம் பூரா பராமரிப்பு இருக்கு தெரியுமா? ஐப்பசி, கார்த்திகை மழையில ஆரணியாத்து வெள்ளம் வந்து உப்பைக் குறைக்கும். கோடையில முகத்துவாரத்துல மணல் மூடும், தண்ணி வத்தும், உப்பு ஏறும், மீன் குறையும். கடலுக்கும் ஏரிக்கும் தண்ணி போய்வரணும்னு மீனவங்களே மணலை வெட்டி வழி திறந்த வருஷங்கள் உண்டு. ஓடாம நின்ன தண்ணி கெட்டுப்போகும்னு எங்க ஊர்ல யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்ல.

இப்போ நான் சொல்லத் தயங்குற பகுதி. ஜனவரியில ஒரு ராத்திரி. டப் 39 டிகிரி. அம்மா ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாங்க. ஏரியில சிப்பி கிழிச்ச ஒரு வெட்டு உள்ளங்கால்ல இருந்திருக்கு. அவங்களுக்கே தெரியல. பத்து வருஷமா சர்க்கரை. மறுநாள் கால் செவந்து வீங்கிடுச்சு.

ஆஸ்பத்திரியில டாக்டர் திட்டல, பொறுமையாத்தான் சொன்னார். சர்க்கரை இருக்கிறவங்களுக்குக் காலோட உணர்ச்சி குறையும், சூடும் தெரியாது, காயமும் தெரியாது. ஊற ஊறத் தோல் இளகிக் காயம் பெருசாகும். "ஏரியில இறங்கும்போது காலுக்கு ஏதாவது போடுங்கம்மா"ன்னார். அம்மா உடனே, "போட்டா அடியில என்ன இருக்குன்னு தெரியாதுங்களே" என்றார்கள். "இப்பவும் உங்களுக்குத் தெரியலையேம்மா" என்றார் அவர். அம்மா பதில் பேசல. நானும் பேசல.

புண் ஆற ஆறு வாரம் ஆச்சு. அந்த ஆறு வாரமும் ஏரி இல்ல, வருமானம் இல்ல. வலிக்கு மருந்து வாங்கப் போன நான், அவங்க உடம்பைப் பத்தி அவங்ககிட்டயோ டாக்டர்கிட்டயோ ஒரு கேள்வி கேட்கல. டப்போட மேனுவலை மட்டும் மூணு தடவை படிச்சேன்.

இப்போ எங்க வீட்டு முறை இது. ஒரு பக்கெட் வெந்நீர். 15 லிட்டரை 40 டிகிரிக்கு ஏத்த கால் யூனிட்தான். முழங்கையால சூடு பார்க்கணும். துண்டை நனைச்சுப் பிழிஞ்சு முட்டிக்கும் இடுப்புக்கும் ஒத்தடம். காலை ஊற வைக்கிறதில்ல. கழுவி, விரல் இடுக்கு வரைக்கும் துடைச்சு, டார்ச் அடிச்சு உள்ளங்காலைப் பார்க்கணும். தினமும். ஏரிக்கு ரப்பர் ஷூ போட்டுட்டுப் போறாங்க, திட்டிக்கிட்டேதான்.

நீங்க டப் வாங்கப் போறீங்கன்னா வேண்டாம்னு சொல்லமாட்டேன். 800 லிட்டர்னா 800 கிலோ. மொட்டை மாடி தாங்குமான்னு இன்ஜினியர்கிட்ட கேளுங்க. கரண்ட் லைன்ல ஆர்.சி.சி.பி. இருக்கணும். 40 டிகிரிக்கு மேல வேண்டாம், ஒரு தடவைக்குக் கால் மணி நேரம் போதும். கர்ப்பிணிகள், பிபி, சர்க்கரை இருக்கிறவங்க டாக்டரைக் கேட்டுட்டு இறங்குங்க. முக்கியமா, தினமும் அந்தத் தண்ணியைப் பார்த்துக்கப் போறது யாருன்னு முதல்ல முடிவு பண்ணுங்க.

எங்க டப் இன்னும் இருக்கு. மே மாசம் வெளியிலயே 40 டிகிரி, வெந்நீருக்கு யாருக்கு ஆசை? ஹீட்டரைக் கழட்டிட்டு முழங்காலளவு தண்ணி விட்டா, தெருப் பசங்க எல்லாம் உள்ளதான். சாயங்காலம் அந்தத் தண்ணி முருங்கை மரத்துக்கு.

சரி, இந்த வாரம் ஊருக்குப் போன் பண்ணினா, அம்மா அப்பா காலைப் பத்தி ஒரு தடவை கேளுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.