நாய் வளர்ப்போர் அறிய வேண்டிய மருத்துவச் சொற்கள்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இயலும் இசையும் மணக்கும் இம்மேடையில் நாயைப் பற்றிப் பேச வந்தோமே என்று சிலர் புன்முறுவல் பூக்கலாம். ஆயினும் நம் குடியிருப்பில் நாய் வளர்க்காத வீதி இல்லை. பிழைக்க வந்த இடத்தில் இந்தியைக் கற்றோம். அலுவலகத்தில் ஆங்கிலத்தை ஆள்கின்றோம். கால்நடை மருத்துவர் தரும் சீட்டின் முன் மட்டும் எழுத்தறியாதவர் போல் நிற்கின்றோம். அந்த அறியாமையின் விலையைச் சென்ற ஆண்டு ஏறக்குறையக் கொடுத்துவிட்டோம்.

நம்மவர் இல்லத்து நாய் ஒன்று, அவ்வீட்டுச் சிறுமியின் கையைக் கடித்துவிட்டது. "ஊசியெல்லாம் போட்டாயிற்று, அச்சமில்லை" என்றனர் வீட்டார். தடுப்பூசிக் குறிப்பேட்டை வாங்கிப் பார்த்தோம். ஒட்டியிருந்த சீட்டில் டி, எச், பி, பிஐ, எல் என்னும் எழுத்துகள் இருந்தன. ஆர் என்னும் எழுத்து எங்கும் இல்லை!

இவ்வெழுத்துகளின் பொருள் என்ன? டி என்பது டிஸ்டெம்பர். சளியும் காய்ச்சலுமாய்த் தொடங்கி வலிப்பில் முடியக்கூடிய நோய். எச் என்பது ஹெபடைடிஸ், கல்லீரல் அழற்சி. பி என்பது பார்வோ. 1978ஆம் ஆண்டில் உலகெங்கும் பரவிய குடல் நோய். குட்டி வாந்தியெடுத்துக் குருதி கலந்து கழிந்தால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. பிஐ என்பது பாராஇன்ஃப்ளூயன்சா, இருமல் நோய். எல் என்பது லெப்டோஸ்பைரா. எலியின் சிறுநீர் கலந்த மழைநீரால் பரவுவது, மனிதரையும் பற்றுவது. ஆர் என்பதே ரேபீஸ்; வெறிநோய். "எல்லா ஊசியும்" என்று நாம் நம்பியதில் இந்த ஓர் ஊசி அடங்கவில்லை.

ஹைட்ரோஃபோபியா என்றொரு சொல்லும் உண்டு. நீரைக் கண்டு அஞ்சுதல் என்பது பொருள். இது வெறிநோய் கண்ட மனிதரிடம் தோன்றும் குறி. நாயோ நோயுற்ற பின்னும் தண்ணீரை நாடக்கூடும். ஆகவே, "தண்ணீர் குடிக்கிறது, இது வெறிநாய் அன்று" என்று முடிவு கட்டுவது உயிருக்கே உலை வைக்கும். குறிகள் தோன்றியபின் இந்நோயிலிருந்து பிழைத்தோர் மிக அரியர். தோன்றுமுன் தடுப்பதற்கோ வழி உண்டு. 1885இல் பாஸ்டர் ஒன்பது வயதுச் சிறுவனுக்கு ஊசியிட்டுக் காட்டிய வழி அது. நம் நீலகிரிக் குன்னூரிலும் 1907இல் அவர் பெயரால் ஒரு நிலையம் எழுந்தது.

அச்சிறுமியின் புண்ணைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவினோம். மஞ்சளோ சுண்ணாம்போ அப்ப விடவில்லை. அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று ஊசியைத் தொடங்கினோம். நாயைக் கட்டிவைத்து 10 நாள் கண்காணித்தோம். அது நலமாகவே இருந்தது. பின்னர் அதற்கும் ஆர் ஊசி போடப்பட்டது. சற்றுமுன் இம்மேடையில் கோலாட்டம் ஆடிய குழந்தைகளுள் அச்சிறுமியும் ஒருத்தி.

இன்னும் சில சொற்கள். பூஸ்டர் என்பது மறு ஊசி. தாய்ப்பால் வழி வந்த எதிர்ப்பாற்றல், குட்டியின் முதல் ஊசியைப் பயனற்றதாக்கக் கூடும்; ஆதலால் மறு ஊசியைத் தவறவிடலாகாது. அக்யூட் என்றால் திடீரென வந்தது. க்ரானிக் என்றால் நெடுநாள் நீடிப்பது. டிக் ஃபீவர் என்பது உண்ணிக் காய்ச்சல். ஈறு வெளுத்து நாய் சோர்ந்தால் ஐயுறுக. மனிதர்க்குரிய காய்ச்சல் மாத்திரையை நாய்க்குத் தாமாகக் கொடுப்பது நஞ்சூட்டுவதாகும்.

அன்பர்களே! மருத்துவரிடம் பொருள் கேட்பதில் வெட்கமில்லை. இன்றிரவு வீடு திரும்பியதும் உங்கள் குறிப்பேட்டைத் திறந்து, ஆர் என்னும் எழுத்தும் அதற்குரிய தேதியும் உள்ளனவா என்று பாருங்கள். இல்லையெனில் நாளைப் பொழுது அதற்கே ஆகட்டும்.